டிரெஸ்டனிலிருந்து கொள்ளிடம் வரை: மெதுவான ரயில்களில் பத்து நாள்

மார்ச் 22, 2025, சனி. டிரெஸ்டன்

ஜெர்மனிக்கு ஆய்வுக்காக வந்து தங்கியிருந்த விடுதி அறையைக் காலி செய்துவிட்டேன். விடுதிப் பராமரிப்பாளர் சரியாக எட்டு மணிக்கு வந்து நின்றார். அடுப்பின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார், ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரை விலக்கிப் பார்த்தார், ஜன்னல் கண்ணாடியைச் சாய்ந்து நின்று பார்த்தார். நேற்று இரவு ஒரு மணிவரை தேய்த்திருந்தேன், அதனால் பயமில்லை. கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தேன். ஆறு மாதமாகக் கோட்டுப் பையில் கிடந்த சாவி. கை இன்னும் அதைத் தேடுகிறது.

குக்கரை, அடுத்த செமஸ்டருக்காக இந்த வாரம் வந்திறங்கிய மதுரைத் தம்பியிடம் கொடுத்தேன். "விசில் போட்டா ஸ்மோக் அலாரம் அடிக்குமாக்கா?" என்று கேட்டான். நான் வந்த முதல் வாரம் கேட்ட அதே கேள்வி. அடிக்காது, ஆனால் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஊருக்குப் போய் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். மே மாதம் வைவா. அதோடு எம்.டெக். முடிகிறது. அதற்கு முன் கையில் இருப்பது இந்தச் சில நாட்கள்தான். செமஸ்டர் கட்டணத்தோடு வந்த ரயில் டிக்கெட் மார்ச் 31 வரை செல்லும். விரைவு ரயிலில் ஏற முடியாது, ஊர் ஊராக நின்று போகும் வட்டார ரயில்களில் நாடு முழுக்கப் போகலாம். எனக்கு அது போதும். பார்க்க நினைத்தது பெரும்பாலும் பாலங்கள்.

மத்தியானம் ஆற்றங்கரையில் இருக்கும் ப்ரூல் மேல்தளத்தில் நின்று கரோலா பாலத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். நான் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2024 செப்டம்பர் 11 அன்று விடிகாலை மூன்று மணிக்கு, டிராம் போகிற பகுதி நூறு மீட்டர் நீளத்துக்கு எல்பே ஆற்றில் விழுந்தது. கடைசி டிராம் கடந்துபோய்ச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. ஒருவருக்கும் காயமில்லை. மிச்சமிருக்கும் இரண்டு பகுதிகளும் நிற்கின்றன, ஆனால் மேலே போக முடியாது.

1971-ல் கட்டி முடித்த பாலம் அது. கான்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள்தான் அதன் உயிர். அந்தக் கம்பிகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் பல வருடங்களாக வளர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. கட்டும் காலத்தில் பட்ட ஈரத்தில் ஆரம்பித்தது அது. வெளியே கான்கிரீட் நன்றாகத்தான் இருந்தது. பரிசோதனைக்குப் போனவர்களும் வெளியேயிருந்து பார்த்தவர்கள்தானே.

அதனால் இப்போது நிற்கும் பகுதிகளில் காது வைத்திருக்கிறார்கள். நிஜமாகவே காதுதான். ஒலி உமிழ்வுக் கண்காணிப்பு என்று பெயர். உள்ளே ஒரு கம்பி அறுந்தால் கிளம்பும் அதிர்வை, ஒட்டிவைத்த உணரிகள் பிடித்துக் கணினிக்கு அனுப்பும். என் ஆய்வும் அதைப் பற்றியதுதான். பாலத்தில் இல்லை, ஆய்வகத்தில் ஒரு கான்கிரீட் உத்தரத்தில். உணரி கட்டைவிரல் நுனி அளவு இருக்கும். அடியில் கொஞ்சம் கிரீஸ் தடவி அழுத்தி வைக்க வேண்டும், காற்று இடையில் புகுந்தால் ஒன்றும் கேட்காது. அது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: அரை மில்லிமீட்டர் லெட் பென்சிலைக் கான்கிரீட்டின் மேல் சாய்த்து, லெட்டை உடைக்க வேண்டும். அவ்வளவுதான். நம் காதுக்கு 'டிக்' என்று விழுந்தால் பெரிது. திரையில் மட்டும் கோடு ஒன்று துள்ளி எழும். உலகம் முழுக்க இந்தத் துறையில் இப்படித்தான் செய்கிறார்கள். முதல் நாள் அந்தக் கோடு எழுந்தபோது எனக்கு அழுகை வந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொள்ளிடத்துக்குப் போக வேண்டும். அப்பா அரசு பஸ் ஓட்டுநர். சின்ன வயதில் விடுமுறை நாளில் அவர் பஸ்ஸில் எஞ்சின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவேன். பாலம் வரும்போது, "ஏறினா சத்தம் மாறும், கவனி" என்பார். இறங்கியதும் "எத்தனை கண்ணு வந்துச்சு?" என்று கேட்பார். இரண்டு தூணுக்கு நடுவில் இருக்கும் திறப்புதான் கண். ஒவ்வொரு தூணுக்கு மேலும் ஒரு 'டடக்'. அதை எண்ண வேண்டும். 1928-ல் கட்டிய பாலம் அது. 2016-ல் பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் வண்டிகள் அதற்கு மாறிவிட்டன, பழையதில் காலையில் நடப்பவர்கள் மட்டும். 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வெள்ளம் வந்தபோது பழைய பாலத்தின் தூண்கள் சாய்ந்து ஆற்றில் விழுந்தன. புதுப் பாலத்துப் பக்கம் கூட்டத்தோடு நின்று பார்த்தோம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சிவில் எடுப்பது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

சாயங்காலம் ஃப்ராவென்கிர்ஷெ தேவாலயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். 1945 குண்டுவீச்சில் விழுந்து, 2005-ல் மறுபடி எழுந்தது. பழைய கற்கள் கறுப்பு, புதியவை வெளிர் மஞ்சள். பொறுக்கி எடுத்த ஒவ்வொரு கல்லையும் முடிந்தவரை அதன் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். போன மாதம், பிப்ரவரி 13, அந்தக் குண்டுவீச்சின் 80-ம் ஆண்டு. ஊரே கைகோத்து நின்றது, நானும் நின்றேன். என் வலது கையைப் பிடித்திருந்த பாட்டி என் கையுறை மெலிதாக இருப்பதைப் பார்த்துத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். இரவு 9.45-க்கு எல்லா தேவாலயங்களிலும் மணி அடித்தது. எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பாட்டியை மறுபடி பார்க்க மாட்டேன் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

மார்ச் 23, ஞாயிறு. ராத்தென்

எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் ராத்தென். இறங்கியதும் ஆற்றைக் கடக்க வேண்டும். அந்தப் படகுக்கு எஞ்சின் இல்லை. ஆற்றின் மேற்புறத்தில் எங்கோ நங்கூரம் போட்டுக் கட்டிய நீளக் கயிறு, அதன் முனையில் படகு. படகைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் நீரோட்டமே அதை அக்கரைக்குத் தள்ளுகிறது. திரும்பிவர மறுபக்கம் சாய்க்கிறார்கள். தண்ணீர் சலசலக்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. இரண்டு தடவை போய் வந்தேன்.

மேலே பாஸ்டை பாறைகளுக்கு நடுவே 1851-ல் கட்டிய மணற்கல் பாலம், ஏழு கண். கீழே 194 மீட்டர் ஆழத்தில் எல்பே. குளிர் காற்று, நல்ல கூட்டம். அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "கம்பியப் புடிச்சிக்க பாப்பா, ஓரமாப் போவாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆறு மாதம் தனியாக இருந்திருக்கிறேன் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 24, திங்கள். கோல்ட்ஷ்டால் பாலம்

இந்தப் பயணத்தை நான் போட்டதே இன்றைய நாளுக்காக.

டிரெஸ்டனிலிருந்து ரைஷன்பாக் வரை ஒரு ரயில். அங்கே மாறி நெட்ஷ்காவ் என்ற சின்ன ஊர். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பாலம் இருக்கிறது. அதாவது, முதலில் அதன் மேலேயே போகிறோம், எதன் மேல் போகிறோம் என்று தெரியாமல். ஜன்னலில் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, திடீரென்று மரங்கள் இல்லை. பள்ளத்தாக்கு மட்டும். காதைக் கூர்ந்து வைத்திருந்தேன். சத்தம் மாறவே இல்லை. கொள்ளிடத்தில் கேட்கும் 'டடக்' எதுவும் இல்லை. இரும்பு கிடையாது, இணைப்பு இடைவெளி கிடையாது. முழுக்கச் செங்கல், கனம்.

நெட்ஷ்காவிலிருந்து நடந்து இறங்கினேன். ஒரு வளைவு திரும்பியதும் எதிரே வந்தது. நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

நான்கு அடுக்கு. 574 மீட்டர் நீளம், 78 மீட்டர் உயரம். 2 கோடியே 60 லட்சம் செங்கல். உலகில் செங்கல்லால் கட்டிய பாலங்களில் இதைவிடப் பெரியது இல்லை. 1846-ல் ஆரம்பித்து 1851-ல் முடித்தார்கள். நம்மூரில் ஒரு சின்ன வீட்டுக்கு இருபதாயிரம் செங்கல் என்று வைத்துக்கொண்டால், ஆயிரத்து முந்நூறு வீடு. இந்தப் பக்கத்தில் நல்ல களிமண் கிடைத்ததால் செங்கல் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

அளவைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. பாலத்துக்கான வடிவமைப்புப் போட்டிக்கு 81 வரைபடங்கள் வந்தன. ரயிலின் பாரத்தைத் தாங்கும் என்று கணக்குப் போட்டு நிரூபித்தது அவற்றில் ஒன்றுகூட இல்லை. போட்டியை நடத்திய குழுவின் தலைவர் யோஹான் ஆந்திரயாஸ் ஷூபர்ட், டிரெஸ்டன் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தின் பேராசிரியர். இன்றைய டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்ததுதான். வந்த வரைபடங்களில் நல்லவற்றை எடுத்துக்கொண்டு அவரே வடிவமைத்துக் கணக்கும் போட்டார். இவ்வளவு பெரிய ஒரு பாலத்தைக் கணக்கை நம்பிக் கட்டியது அதற்கு முன் நடக்காதது. அப்புறம் வேலை ஆரம்பித்தால், நடுவில் நிலம் எதிர்பார்த்த மாதிரி உறுதியாக இல்லை. தூண் நிற்காது. என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த இடத்தைத் தாண்டிப் போகிற மாதிரி நடுவில் கண்ணை அகலப்படுத்தினார்கள். இன்று பாலத்தைப் பார்ப்பவர்கள் எல்லோரும் படமெடுக்கும் அந்தப் பெரிய நடு வளைவு, மண் சரியில்லாததால் வந்தது.

பக்கத்தில் போய்த் தூணில் கை வைத்தேன். செங்கல் சில்லென்று இருந்தது. நடுவில் சுண்ணாம்புச் சாந்து மணல் மணலாக உதிர்கிறது, ஆனால் நகத்தால் கீறினால் உள்ளே கல் மாதிரி. ஒரு செங்கல்லின் ஓரம் உடைந்து உள்ளே கருஞ்சிவப்பு தெரிந்தது, அதிகம் வெந்த செங்கல். திருவானைக்காவலில் எங்கள் வீடு கட்டும்போது கொத்தனார் தாத்தா இப்படிப்பட்டதைத் தட்டிப் பார்த்து 'கணீர்'னு கேட்டால் தனியாக எடுத்து வைப்பார், அடித்தளத்துக்கு. நான் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். இவ்வளவு பெரிய சுவரில் எங்கே கேட்கும்! அப்போது மேலே ஒரு ரயில் போனது. எழுபத்தெட்டு மீட்டர் உயரத்தில் அது ஒரு மெல்லிய இரைச்சல். தூணில் வைத்த உள்ளங்கையில் எதுவும் தெரியவில்லை. பையில் லெட் பென்சில் இருந்தது. செங்கல்லில் சாய்த்து ஒரு லெட்டை உடைத்தேன். உணரி இல்லை, திரை இல்லை. சும்மா உடைத்தேன்.

அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில்: "எத்தனை கண்?" நான்கு அடுக்கையும் சேர்த்து 98 என்று எழுதினேன். டிப்போவில் எல்லோரிடமும் காட்டினாராம்.

இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். இரவு லைப்சிக்.

மார்ச் 25, செவ்வாய். ஹாலே

இது பாலத்துக்காக இல்லை. பிராங்கே என்ற போதகர் தொடங்கிய பழைய அனாதை இல்லமும் பள்ளிகளும் சேர்ந்த பிராங்கே நிறுவனங்களைப் பார்க்காமல் போகக் கூடாது என்று தோன்றியது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய கிறித்தவ மதபோதகர் சீகன்பால்க் இங்கே படித்தவர். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர் என்பார்கள். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் இங்கே இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

பழைய அனாதை இல்லத்தின் மாடியில் அதிசயப் பொருள்களின் அறை. மேற்கூரையில் ஒரு முதலை தொங்குகிறது. அலமாரிகளில் சங்கு, சிப்பி, எங்கிருந்தோ எல்லாம் வந்த பொருட்கள். கண்ணாடிக்குப் பின்னால் நம்மூர்ப் பொருட்களும். என்னோடு படித்தவர்கள் ஆறு மாதமாக "தமிழ் என்றால் எந்த மொழி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேர ரயில் தூரத்தில், முந்நூறு வருடமாக அது இங்கே இருக்கிறது. அவர்களை இங்கே கூட்டிவந்திருக்கலாம். இதை அக்டோபரிலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மார்ச் 26, புதன்

நாள் முழுக்க ரயில். ஹாலேயிலிருந்து கஸ்ஸல், கஸ்ஸலிலிருந்து ஹாம், அங்கிருந்து மேற்கே. தயிர் சாதம் கட்டிக்கொண்டு வரவில்லையே என்று இருந்தது. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தினேன்.

மார்ச் 27, வியாழன். வுப்பர்டால்

தொங்கும் ரயில்! தண்டவாளம் மேலே, பெட்டி கீழே. 1901-லிருந்து ஓடுகிறது. 13.3 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி வுப்பர் ஆற்றின் மேலேயே. குறுகிய பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் தொழிற்சாலையும் வீடும். ரயில் விட இடமில்லை, ஆறு மட்டும்தான் காலி. சாய்ந்த எஃகுக் கால்கள் இரண்டு கரையிலும் ஊன்றி ஆற்றைக் கவட்டையில் வைத்திருக்கின்றன. வளைவில் பெட்டி மெல்ல வெளிப்பக்கமாக ஊஞ்சல் மாதிரி ஆடும். கடைசிப் பெட்டியின் பின்பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மூன்று தடவை போனேன்.

1950-ல் ஒரு சர்க்கஸ் விளம்பரத்துக்காக டூஃபி என்ற குட்டி யானையை இதில் ஏற்றியிருக்கிறார்கள். அது மிரண்டு, பக்கவாட்டை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்துவிட்டது. லேசான சிராய்ப்போடு பிழைத்தது. இதை அம்மாவிடம் சொன்னதும் பாலம், ரயில் எல்லாம் மறந்துபோய், "ஐயோ, நம்ம அகிலா மாதிரியா? தண்ணி ஆழமா? அதுக்கப்புறம் யாரு பாத்துக்கிட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அகிலா எங்கள் திருவானைக்காவல் கோயில் யானை. அம்மா தினமும் கோயிலுக்குப் போனால் அம்மனைக் கும்பிட்ட கையோடு அதையும் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

மார்ச் 28, வெள்ளி. ஹாம்

வெள்ளிக்கிழமை என்பதால் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனேன். ஹாம் ஊருக்கு வெளியே உயென்ட்ரோப். கிடங்குகள், லாரிகள், வேலி போட்ட தொழிற்சாலைகள். அதற்கு நடுவே பதினேழு மீட்டர் ராஜகோபுரம். போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பி, 2002-ல் குடமுழுக்கு நடத்திய கோயில். தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் வருவார்களாம், பக்கத்துக் கால்வாயில்தான் தீர்த்தம்.

உள்ளே நுழைந்ததும் விபூதி, கற்பூரம், நெய் எல்லாம் சேர்ந்த அந்த வாசனை. ஆறு மாதமாக இல்லாத வாசனை. நான் தூணோரம் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "எங்கயிருந்து வாறீங்கள் பிள்ளை?" என்றார். திருச்சி என்றேன். "படிக்க வந்தனீங்களோ? தனியவோ?" என்று கேட்டு, கொஞ்சம் பூவைக் கிள்ளிக் கொடுத்தார். அவர் வந்தது 1986-ல், பத்தொன்பது வயதில். நான் எப்போது ஊருக்குப் போகிறேன் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். "நல்லது. அம்மா பாத்துக்கொண்டிருப்பா" என்றார். அவருடைய வீடு எங்கே என்று நான் கேட்டேன். இங்கே டோர்ட்மண்டில் இருக்கும் வீட்டைச் சொல்லவில்லை. "பருத்தித்துறைப் பக்கம். இப்ப அதில ஒருத்தரும் இல்லை" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் அறுத்தார்.

ஆறு மாதத்தில் எத்தனை இரவு ஊருக்குப் போக வேண்டும் என்று தலையணையில் முகத்தைப் புதைத்திருக்கிறேன். எனக்குத் திரும்பிப் போக ஒரு தேதி இருந்தது. கையில் டிக்கெட் இருந்தது.

"சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று உட்கார வைத்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய். மறுசோறு போட்டபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 29, சனி. மாக்டெபுர்க்

நேற்றிரவு ஹானோவர் வழியாக வந்து சேர்ந்தேன். இங்கே ஓடுவதும் அதே எல்பே, டிரெஸ்டனில் பார்த்தது இங்கே அகன்று போயிருக்கிறது. ஊருக்கு வெளியே அந்த ஆற்றை ஒரு கால்வாய் பாலமேறிக் கடக்கிறது. தண்ணீருக்கு மேல் தண்ணீர். 918 மீட்டர் நீளமான எஃகுத் தொட்டி, 2003-ல் திறந்தது. ஓரத்தில் நடக்கப் பாதை இருக்கிறது. ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு சரக்குக் கப்பல் ஒன்று வந்தது, நடக்கும் வேகத்தில். கூடவே நடந்தேன். மாலுமி கையசைத்தார்.

கப்பல் ஏறினாலும் பாலத்துக்குப் பாரம் அதிகமாகாது. கப்பல் தன் எடைக்குச் சமமான தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் மிதக்கிறது, அந்தத் தண்ணீர் கால்வாயோடு விலகிப் போய்விடும். ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆர்க்கிமிடிஸ்தான். ஆனாலும் ஆயிரம் டன் கப்பல் பக்கத்தில் வரும்போது காலடியில் தரை ஒரு துளி நடுங்காமல் இருப்பதை நின்று உணர்ந்து பார்க்க வேண்டும்.

மார்ச் 30, ஞாயிறு. பெர்லின் விமான நிலையம்

நேற்றிரவு இரண்டு மணி நேராக மூன்று மணியாகிவிட்டது. கோடைக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை முன்னே நகர்த்திவிட்டார்கள். எனக்கு இங்கே மிச்சமிருந்த கடைசி இரவில் ஒரு மணி நேரம் குறைந்துபோனது. பெட்டி 22.6 கிலோ. உள்ளே உடைந்த உத்தரத்திலிருந்து எடுத்த ஒரு துண்டுக் கம்பி, விரல் நீளம், பேராசிரியர் கொடுத்தது. வெட்டு முகத்தில் பாதி பளபளப்பு, பாதி கறுப்பு. கறுப்புதான் பல நாளாக இருந்த விரிசல்.

ஏப்ரல் 1, செவ்வாய். ஸ்ரீரங்கம்

சென்னையில் இறங்கிய நிமிடமே வெயில் முகத்தில் அறைந்தது. நேற்று இரவு எழும்பூரில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். சைடு லோயர். படுத்ததுதான் தெரியும்.

லால்குடியில் விழிப்பு வந்தது. வெளியே கும்மிருட்டு. பக்கத்தில் ஒருவர் பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் ஷட்டரைத் தூக்கினேன். வறண்ட மணல் வாசனையும் எங்கோ வைக்கோல் எரித்த வாசனையும். பிறகு சத்தம் மாறியது. திடுமென்று அடியில் வெறுமையான, அகலமான இரும்புச் சத்தம். கொள்ளிடம். கண்ணை மூடிக்கொண்டேன். தூணுக்குத் தூண் அது ஏறி இறங்குவது தெளிவாகக் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. இத்தனை வருடமும் இது இவ்வளவு பேசியதா என்று இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் சத்தம் கொஞ்சம் கனத்துக் கேட்டது, தண்டவாள இணைப்பாக இருக்கலாம். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இரண்டு பேரும் நின்றார்கள். அம்மா என் தோளையும் கையையும் தடவிப் பார்த்து, "எளச்சிட்ட" என்றாள். அப்பா பெட்டியை வாங்கிக்கொண்டார். படிக்கட்டு ஏறும்வரை ஒன்றும் பேசவில்லை.

"இருட்டுல எண்ண முடிஞ்சிருக்காதே?" என்றார்.

"காதால எண்ணிட்டேன்ப்பா" என்றேன்.